காயாத பச்சை

எங்கள் பட்டறையில் கெட்டுப்போன எதையும் அவர் சரிசெய்து நான் பார்த்ததில்லை. கெட்டுப்போன எதற்கும் பெயிண்ட் அடிக்காமல் விட்டும் பார்த்ததில்லை.

உத்திரமேரூரில் விவசாயிகளுக்கான கூட்டுப் பட்டறை ஒன்று அப்போது இருந்தது. எழுபதுகளின் பின்பாதி. ஆயில் என்ஜின், பம்பு, கலப்பைக் கொழு, டிராக்டரின் சில்லறை வேலைகள் என்று சுற்று வட்டாரத்திலிருந்து எல்லாம் அங்கே வந்து சேரும். அவர் மேனேஜர். நான் சூப்பர்வைசர். அவர் பெயரை எழுதப் போவதில்லை. மரியாதைக்காக அல்ல. எழுதினால் அவர் வீட்டார் இந்தப் பக்கத்தை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டிவிடுவார்கள். சட்டத்துக்கு வார்னிஷும் அடித்துவிடுவார்கள்.

திருப்புலிவனத்துப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். வேலைக்கு வரவேண்டிய அவசியம் இல்லாதவர். அதனாலேயே வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லாதவர். நீலம் போட்டு வெளுத்த வேட்டி, அதே வெள்ளையில் சட்டை. கருப்பு எண்ணெய் சொட்டும் பட்டறைக்குள் நாள் முழுக்க உலாவிவிட்டு, சாயங்காலம் ஒரு பொட்டுக் கறை இல்லாமல் வீட்டுக்குப் போகிற மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. மற்ற மேனேஜர்களின் மேசை இழுப்பறையில் வெற்றிலைப் பெட்டியோ ரப்பர் ஸ்டாம்போ இருக்கும். இவருடையதில் பிரஷ்கள் இருந்தன. டர்பன்டைனில் அலசி, உலர்த்தி, சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாக அடுக்கிய பிரஷ்கள். அந்த வரிசையில் இருந்த ஒழுங்கு பட்டறையில் வேறு எதிலும் இருக்கவில்லை.

"இன்னா டிப்ளமா" என்றுதான் என்னைக் கூப்பிடுவார். நான் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவன் என்பது அவருக்கு ஒரு நகைச்சுவை. "படிச்சது எல்லாம் கரெக்டுதான்யா. ஆனா பாக்க லட்சணமா இருக்கணும். லட்சணமா இருந்தாத்தான் வண்டி கட்டிக்கினு வர்றவன் நம்பி உள்ள வருவான்."

லட்சணம் என்ற சொல்லை இன்றைக்கும் யாராவது சொன்னால் எனக்குத் தாடை இறுகுகிறது.

ஒருமுறை ஒரு விவசாயி ஆயில் என்ஜினைக் கொண்டுவந்து போட்டார். பிஸ்டன் ரிங்கு தேய்ந்து, என்ஜின் செங்கல் சூளைபோலப் புகை கக்கியது. புது ரிங்கு வாங்க என்ஜினின் எண் வேண்டும். எண்ணைப் பொறித்த பித்தளைத் தகடு என்ஜினின் மேலேயே இருக்கும். நான் காலையில் கடைக்குக் கிளம்பும் முன் அதைக் குறித்துக்கொள்ளப் போனால், தகடு இருந்த இடத்தில் பளபளவென்று சிவப்பு. என்ஜின் முழுக்கச் சிவப்பு. டீசல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாயும் சிவப்பு. கிரீஸ் ஏற்றும் துவாரங்களின் வாயெல்லாம் சிவப்பில் அடைந்து கிடந்தன. ரிங்கு மாற்றாத அந்த என்ஜினை மறுநாள் சொந்தக்காரர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பல்லெல்லாம் தெரிய, "அட, புத்சாட்டம் கீதே!" என்றார். ஸ்டார்ட் செய்ததும் பழைய புகை அப்படியே வந்தது.

"இன்னா மேனேஜரே, பொகை போவலியே?"

"மூச்சு வுடுதுய்யா. நீ வுடறது இல்ல?"

அந்த ஆள் அதற்கும் சிரித்தார். இதுதான் என்னால் பொறுக்க முடியாதது. எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். யார் வீட்டுச் சாவுக்கும் முதலில் போய் நிற்பார். ஆயுத பூஜை அன்று பட்டறையில் எல்லோருக்கும் தன் வீட்டிலிருந்து நாஷ்டா கொண்டுவந்து, இலை போட்டு, கிட்டே நின்று பரிமாறச் சொல்லுவார். யாரையும் கைநீட்டி அடித்ததில்லை, கெட்ட வார்த்தை சொன்னதில்லை. கடுகடுவென்று இருந்தவன் நான்தான். லேத்தின் எண்ணெய்த் துவாரங்களைக் கம்பியால் குத்திப் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருப்பவன் சிரித்த முகமாக எப்படி இருப்பான்?

பட்டறையில் இரண்டு கல் பூட்டிய சாணை மெஷின் ஒன்று இருந்தது. மோட்டாரின் இரண்டு பக்கமும் நீண்ட ஒரே ஷாஃப்ட், முனைக்கொரு சாணைக்கல். எல்லா வேலைக்கும் அதனிடம் போய் நின்றாக வேண்டும். அதில் வேலை செய்தவர் ஃபிட்டர் எல்லப்பன். நாற்பதைத் தொட்டவர், ஒடிசலான உடம்பு, வாயில் எப்போதும் புகையிலை. கொழுவின் முனையைக் கல்லில் காட்டி எடுத்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் விளிம்பைப் பார்ப்பார். அந்த ஒரு பார்வைதான் அவருடைய அளவுகோல். எந்த ஊர்க்காரர் வந்தாலும், "எல்லப்பன் கீறாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாட்டை அவிழ்ப்பார்கள்.

அந்த மெஷின் வந்து முதல் ஆயுத பூஜை முடிந்த மறுநாள் எல்லப்பன் என்னிடம் வந்தார்.

"சார், கல்லு தல ஆட்டுது சார்."

மேனேஜர் மேசையிலிருந்தே குரல் கொடுத்தார். "பூஜை போட்டமே, சாமி வந்துருக்கும்டா."

எல்லோரும் சிரித்தார்கள். நான் போய் சுவிட்சைப் போட்டேன். கல் பக்கவாட்டில் நெளிந்து நெளிந்து சுற்றியது. மேசை தடதடவென்று உதறியது. மெஷின் மொத்தமும் புதுப் பச்சையில் ஜொலித்தது.

"அடியில ஒரு கோணிய மடிச்சிப் போடு டிப்ளமா, சத்தம் அடங்கிடும்" என்றார்.

சத்தம்தான் அவருக்குப் பிரச்சினை. சாணைக்கல் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றுக்குக் கிட்டத்தில் சுற்றுகிறது. அது உதறுகிறது என்றால் ஏதோ சொல்கிறது. சொல்வதைக் கேட்க ஒரு முறை இருக்கிறது. ஃப்யூஸைப் பிடுங்கினேன். இரண்டு கல்லையும் கழற்றி வைத்தேன். மறுபடி ஃப்யூஸைப் போட்டு, வெறும் ஷாஃப்டை ஓடவிட்டேன். நூல் பிடித்ததுபோல ஓடியது. மோட்டாரும் பேரிங்கும் நிரபராதிகள். அப்படியானால் குற்றம் கல்லில், இல்லையென்றால் கல்லைப் பிடித்திருக்கும் இடத்தில்.

கல்லை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்க இரும்பில் வட்டத் தட்டுகள் உண்டு. பிளாஞ்சு என்பார்கள். அவற்றின் முகம் கண்ணாடிபோலச் சுத்தமாக இருக்க வேண்டும். கல்லும் தட்டும் நேராக மோதிக்கொள்ளாமல் நடுவே ஒரு மெல்லிய அட்டை வட்டம் இருக்கும். கல் வரும்போதே இரண்டு பக்கமும் ஒட்டி வரும். கல் நொறுங்கும் சாதி. இரும்பின் பிடியை அது தாங்குவதற்காகத்தான் அந்த மெத்தை. பூஜைக்காகக் கல்லைக் கழற்றியிருக்கிறார்கள். தட்டுகளின் முகத்திலும் பச்சை அடித்திருக்கிறார்கள். பெயிண்ட் ஒரு பக்கம் வழிந்து திட்டாக உறைந்திருந்தது. அந்தத் திட்டின்மேல் சாய்ந்துகொண்டு கல் எப்படி நேராகச் சுற்றும்? அட்டை வட்டங்களைக் காணவில்லை.

"அதுவா? பொட்லம் கட்ன காயிதம் மாதிரி அயுக்கா ஒட்டிக்கினு இருந்திச்சி. நாந்தான் கியிச்சிப் போட்டேன்" என்றார் மேனேஜர்.

பிளேடால் பெயிண்டைச் சுரண்டி, தின்னரில் துடைத்தேன். ஒவ்வொரு கல்லையும் விரலில் தொங்கவிட்டு, சுத்தியலின் மரப்பிடியால் தட்டிக் கேட்டேன். விரிசல் விட்ட கல் மண்பானைபோல 'தொப்'பென்னும். இவை 'ணங்'கென்றன. பிழைத்தன. அட்டை வட்டத்துக்கு அவர் மேசையிலிருந்த மை ஒற்றும் தாளை எடுத்து வெட்டினேன். கல்லை ஏற்றி, நட்டை அளவாக இறுக்கி, மூடியை மாட்டி, எல்லோரையும் ஒதுங்கச் சொல்லி ஓடவிட்டேன். கடைசியில் கல்லின் முகத்தைச் சீவிச் சமன் செய்தேன். எல்லப்பன் தன் டீ கிளாஸைக் கொண்டுவந்து, ஓடும் மெஷினின் பக்கத்தில் மேசைமேல் வைத்தார். டீயில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"தூங்குது சார்" என்றார் எல்லப்பன்.

மேனேஜர் எழுந்து வந்தார். மெஷினைப் பார்த்தார். தட்டு விளிம்பில் பச்சை உரிந்து இரும்பு தெரிந்த இடத்தைப் பார்த்தார்.

"எல்லாஞ் சரி டிப்ளமா. ஆனா பாக்க நாய் கடிச்ச மாதிரி கீதே."

எங்கெங்கே பெயிண்ட் படக்கூடாது என்று அங்கேயே, எல்லோர் முன்னாலும், சாக்பீஸால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டினேன். கல்லை எதற்காகவும் கழற்றக்கூடாது என்றேன். கல்லைச் சுற்றியிருக்கும் மூடி இல்லாமல் சுவிட்சைத் தொடக்கூடாது என்றேன். கல் உடைந்தால் துண்டுகளைப் பிடித்துக்கொள்வது அந்த மூடிதான் என்றேன். அவர் அழகாகத் தலையாட்டினார். கோயிலில் அர்ச்சகர் சொல்வதற்குத் தலையாட்டுவாரே, அதே ஆட்டம். பிறகு போய் மை ஒற்றும் தாள் போன இடத்தைப் பார்த்து, "என் டேபிளு அசிங்கமாப் பூடுச்சேய்யா" என்று வருத்தப்பட்டார்.

கண்ணாடி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சாணையில் நிற்பவர் போட்டுக்கொள்ள, பெரிய பாதுகாப்புக் கண்ணாடிகள் மேலிடத்திலிருந்து வந்திருந்தன. அவை மேனேஜர் அறையில், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில், பட்டுத்துணியின் மேல் இருந்தன. எல்லப்பன் ஒருநாள் கேட்டார்.

"பொறி பட்டா கோடு வுழுந்துடும்டா. ஆபீசர் வந்து பாத்தா அசிங்கமா இருக்காது?"

"என் கண்ணுல கோடு வுழுந்தா சார்?"

"உன் கண்ண எவன்டா வந்து பாக்கப் போறான்?"

அதற்கும் சிரிப்புதான். எல்லப்பனும் சிரித்தார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு முன் பழையசீவரத்தில் பாலாற்றங்கரைப் பம்பு ஒன்று நின்றுபோய்விட்டது என்று என்னை அனுப்பினார். அது நின்றிருந்தது உண்மை. ஆனால் எல்லப்பனே போய் முடித்திருக்கக்கூடிய வேலை அது. நான் பட்டறையில் இருந்தால் பிரஷை எடுக்கவிட மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். "பூஜைய அங்கியே ஆத்தங்கரையில போட்டுக்கோ டிப்ளமா" என்று வழியனுப்பினார்.

நான் திரும்பியது விஜயதசமிக்கு மறுநாள் மதியம். பட்டறை வாசலில் கூட்டம். சணல் கட்டிய கொழுக்களோடு ஏர்க்காரர்கள் நின்றிருந்தார்கள். முற்றத்து வேப்பமரக் கிளையில், கம்பியில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது சாணை மெஷினின் மூடி. காற்றில் மெதுவாகத் திரும்பியது. புத்தம்புதுப் பச்சை. கிட்டே போய்த் தொட்டேன். விரலில் ஒட்டியது.

உள்ளே ஒரு கல் மட்டும் இருந்தது. இன்னொன்று இருந்த இடத்தில் ஷாஃப்ட் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது. கூரையில் ஒரு ஓடு உடைந்து வெயில் விழுந்தது. சுவரில் ரத்தம்.

நடந்ததை எல்லப்பனே பிற்பாடு சொன்னார். மழைக்காலம் தொடங்கும் நேரம், எல்லோருக்கும் அவசரம், காலையிலேயே ஆட்கள் வந்து காத்திருக்கிறார்கள். எல்லப்பன் மெஷினைப் பார்த்துவிட்டு மேனேஜரிடம் போயிருக்கிறார்.

"சார், மூடி இல்ல சார். மூடி இல்லாம ஓட்டக் கூடாதுன்னு சூப்பர்வைசர் சொல்லிக்கீறாரு."

"காயலடா அது. இப்ப மாட்னா கை ரேகை எல்லாம் பதிஞ்சி பேஜாராப் பூடும். ரெண்டு கொழுதானே, காட்டி அனுப்பு."

எல்லப்பன் சுவிட்சைப் போட்டார். கல் நெளிந்தது. தட்டுகளின் முகத்தில் மறுபடி பச்சை. நான் வெட்டி வைத்த மை ஒற்றும் தாள் வட்டங்கள் குப்பையில். எல்லப்பன் நிறுத்தினார்.

"ஆட்டம் அடிக்குது சார்."

"நட்ட இறுக்குடா. ஸ்பானருக்கு பைப்பு போட்டு இறுக்கு."

ஸ்பானரின் வாலில் இரும்புக் குழாயைச் செருகி நீட்டினால் ஒரு மனிதனின் கைக்கு யானையின் பலம் வரும். மெத்தையில்லாத கல்லை, திட்டு விழுந்த தட்டுகளுக்கு நடுவே, யானை பலத்தில் நெரித்தார்கள். கல் அப்போதே உள்ளுக்குள் விரிந்திருக்கும். வெளியே தெரியாது.

"இறுக்கினதும் ஆட்டம் அடங்கிப்போச்சி சார்" என்றார் எல்லப்பன். "அதான் நம்பிட்டேன்."

முதல் கொழு முடிந்தது. இரண்டாவதை வைத்து அழுத்தியபோது கல் வெடித்தது. ஒரு துண்டு கூரைக்குப் போயிற்று. இன்னொன்று எல்லப்பனின் இடது கண்ணுக்குப் போயிற்று. மூடி வேப்பமரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. கண்ணாடி பட்டுத்துணியில் படுத்திருந்தது.

மேனேஜர் ஓடிப்போய் வாடகைக் கார் பிடித்து வந்தார். மற்றவர்கள் எல்லப்பனைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்த, இவர் முன்சீட்டில் உட்கார்ந்து காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனார். அங்கே நான் போய்ச் சேர்ந்தபோது வராந்தாவில் நின்று அழுதுகொண்டிருந்தார். பொய் அழுகை இல்லை. தோள் குலுங்கியது. அது என் கோபத்தை இரண்டு மடங்காக்கியது. பொய்யாக அழுதிருந்தால் கன்னத்தில் ஒரே அறை விட்டுக் கணக்குத் தீர்த்திருப்பேன். அன்றைக்கும் அவர் வேட்டியில் ஒரு பொட்டுக் கறை இல்லை என்பதைக் கவனித்தேன்.

கண்ணை எடுத்துவிட்டார்கள். எல்லப்பனின் மனைவி கன்னியம்மா கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். நடவு வேலைக்குப் போகிறவள், சேற்றுக் காலோடு ஓடி வந்திருந்தாள். மேனேஜர் சாத்துக்குடிப் பையை நீட்டிவிட்டு மறுபடி கண்ணைத் துடைத்தார்.

"இன்னாத்துக்கு சார் அயுவுற?" என்றாள் அவள். "உன்கிட்டதான் பெயிண்டு டப்பா கீதே. கண்ணு போன எடத்துல ஒரு இஸ்ப்பு இஸ்த்துடேன். புத்சாட்டம் ஆயிடும்."

வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் ஒரு சாத்துக்குடியை எடுத்து, தோலைச் சுருள் கலையாமல் அழகாக உரிக்க ஆரம்பித்தார். அவள் அதை வாங்கவில்லை.

விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அதற்கு முந்தைய நாளே சுவர் வெள்ளையடிக்கப்பட்டுவிட்டது. கூரையில் புது ஓடு. மூடி அதன் இடத்தில் பச்சையாக, நன்றாகக் காய்ந்து உட்கார்ந்திருந்தது. அதிகாரி உள்ளே நுழைந்ததும் சுற்றிலும் பார்த்துவிட்டு, "பட்டறைன்னா இப்படி இருக்கணும்" என்றார். மேனேஜர் தலைகுனிந்து அடக்கமாகச் சிரித்தார்.

உடைந்த கல்லின் தட்டுகளை நான் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தேன். அதிகாரியின் முன்னால் பேனாக்கத்தியால் தட்டின் முகத்தைச் சுரண்டினேன். மேலே புதுப் பச்சை. அடியில், போன வருஷம் நான் சுரண்டிவிட்ட இடத்தில், வெறும் இரும்பு. "இந்த இரும்பு மேல பெயிண்ட் ஏறினதாலதான் கல் ஆடிச்சு. ஆடினதாலதான் இறுக்கினாங்க. இறுக்கினதாலதான் வெடிச்சுது. மூடி மரத்துல தொங்குச்சு. என் விரல்ல இன்னும் அந்தப் பச்சை போகல" என்றேன். அதிகாரி கேட்டுக்கொண்டார். கர்ச்சீப்பால் மேசையில் விழுந்த பெயிண்ட் பிசிறைத் தட்டிவிட்டார். பிறகு, தலையில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த எல்லப்பனைக் கேட்டார்.

"மூடியக் கழட்டினது யாருப்பா?"

"நாந்தான் சார்" என்றார் எல்லப்பன்.

"யாராவது ஓட்டச் சொன்னாங்களா?"

"இல்ல சார். நானாத்தான்."

தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடிந்தது. அதிகாரி டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். எல்லப்பனைப் பின்கட்டுக்கு இழுத்துப்போய் நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத முடியாது.

அவர் பொறுமையாகக் கேட்டார். "சார், நீங்க டிப்ளமா. இந்த எடம் இல்லாட்டி ராஜகுளம், ராஜகுளம் இல்லாட்டி மெட்ராசு. ஒத்தக் கண்ணு ஃபிட்டர எவன் சார் சேத்துக்குவான்? சாவற வரிக்கும் வேல உண்டுன்னு மேனேஜர் சாமி படத்து மேல அடிச்சி சொல்லிக்கீறாரு."

சொன்ன சொல்லை மேனேஜர் காப்பாற்றினார். எல்லப்பனைக் கேட்டில் உட்கார வைத்தார். ஃபிட்டர் வேலை முடிந்துவிட்டிருந்தது. ஒரு கண்ணால் தூரம் பிடிபடவில்லை. ஆணியின் தலை என்று நினைத்து அடித்தால் சுத்தியல் பக்கத்து மரத்தில் விழும். ஒருமுறை பழக்கத்தில் கொழுவைத் தூக்கி விளிம்பு பார்க்க ஒரு கண்ணை மூடினார். மூடியது நல்ல கண். பிறகு கொழுவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு ஏர்க்காரர்கள் "எல்லப்பன் கீறாரா?" என்று கேட்டால் கதவைத் திறந்துவிடுவது எல்லப்பனாக இருந்தது.

இதற்கு நடுவே மேனேஜர் இன்னொரு காரியம் செய்தார். எல்லப்பனை மெட்ராசுக்கு அழைத்துப்போனார், தன் செலவில், இரண்டு மூன்று தடவை. செயற்கைக் கண் பொருத்திக் கூட்டிவந்தார். விழியின் பழுப்பு, வெள்ளையில் ஓடும் மெல்லிய சிவப்பு நரம்பு, எல்லாம் அவரே பக்கத்தில் நின்று, நல்ல கண்ணோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுத்தாராம். நிறம் பார்ப்பதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது, ஒப்புக்கொள்கிறேன். பட்டறைக்கு வந்ததும் எல்லப்பனை என் முன் நிறுத்தினார்.

"பாரு டிப்ளமா. இன்னா, வித்தியாசம் தெர்தா? லட்சணமா இல்ல?"

வருகிற போகிறவர்களிடமெல்லாம் காட்டினார். "இவன் கண்ணுல எது பொய்க்கண்ணு, சொல்லு பாக்கலாம்?" சிலர் தப்பாகச் சொல்லுவார்கள். அவர் குழந்தைபோலக் கைதட்டுவார். அந்த மனிதர் நிஜமாகவே நம்பினார். பழுது பார்த்தாகிவிட்டது என்று நம்பினார். எல்லப்பன் கேட்டருகே நின்று, இரண்டு கண்ணாலும் எங்களைப் பார்ப்பதுபோல, ஒன்றால் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்.

மறுபடியும் ஆயுத பூஜை வந்தது. இந்த முறை நான் எங்கும் போகவில்லை. சாணை மெஷினில் நானே பூட்டிய புதுக் கற்கள். நாலு நாள் முன்பிருந்தே அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். பெயிண்ட் டப்பாவோடு மேனேஜர் இரண்டு முறை அந்தப் பக்கம் வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, போய் ஜன்னல் கம்பிகளுக்கு அடித்தார்.

பூஜை அன்று காலை, நீண்ட மேசையில் வாழை இலைகளைப் பரப்பி, கருவிகளையெல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக வைத்திருந்தார்கள். ஸ்பானர்கள், அரங்கள், சுத்தியல்கள், உளிகள். பொரியும் கடலையும் ஒரு பக்கம், குங்குமம் தடவிய பூசணிக்காய் ஒரு பக்கம். சந்தனம் தொட்டு ஒரு புள்ளி, அதன்மேல் குங்குமம் ஒரு புள்ளி என்று மேனேஜர் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தார். ஒன்றுகூடக் கோணாது, வழியாது. அவர் கை அப்படி.

எல்லப்பன் கேட்டிலிருந்து உள்ளே வந்தார். தலை குளித்து, நெற்றியில் விபூதி. மேசையின் கடைசிவரை நடந்தார். முகத்தைத் தாழ்த்தி, கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். பிறகு, உளிகளுக்கு அடுத்ததாக, இலையின்மேல் எதையோ வைத்தார். நிமிர்ந்தபோது அவர் இடது இமை உள்வாங்கி ஒட்டிக் கிடந்தது.

மேனேஜர் இன்னும் கவனிக்கவில்லை. சந்தனம், குங்குமம். சந்தனம், குங்குமம். கடைசி உளிக்கு வைத்துவிட்டு அடுத்ததற்குக் குனிந்தவர் அப்படியே நின்றார். இலையிலிருந்து பழுப்பு விழி அவரைப் பார்த்தது.

"இன்னாடா எல்லப்பா இது?"

"வேலைக்கு வாங்கிக் குட்த்ததுதானே சார். இத்தயும் பூஜையில வெச்சிட்டேன்."

"எட்றா அத. எட்த்து மாட்டிக்கடா. நல்ல நாளும் அதுவுமா..."

"பொட்டு வை சார்" என்றார் எல்லப்பன். குரல் உயரவில்லை. "எல்லாத்துக்கும் வெச்சிக்கினு வந்து இத்த மட்டும் வுட்டா நல்லாவா இருக்கும்? ஒரு பொட்டு வை. பாக்க லட்சணமா இருக்கட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பட்டறையில் மேனேஜர் நடுவே நின்ற ஒரு பேச்சுக்குச் சிரிப்பு வராத முதல் நேரம் அது. குங்குமம் தொட்ட அவர் விரல் இலைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. எங்கேயும் ஒரு புள்ளி கோணாத விரல். யாரோ தட்டில் ஏற்றிவைத்திருந்த கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது. எல்லப்பன் நகரவில்லை. உள்வாங்கிய அந்த இமையை மூடவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

மேனேஜர் கையை இழுத்துக்கொண்டார். எங்கே வைப்பது என்று தெரியாததுபோல அதைப் பார்த்தார். பிறகு, துணி தேடாமல், தண்ணீர் கேட்காமல், தொடைப் பக்கம் வேட்டியில் அழுத்தித் துடைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய் உட்கார்ந்தார்.

சாயங்காலம்வரை பட்டறையிலேயே இருந்தார். வந்தவர்களுக்குப் பொரி கொடுத்தார், தட்டில் வெற்றிலை பாக்கு எடுத்துக் கொடுத்தார், வாசல்வரை வந்து வழியனுப்பினார். நீலம் போட்டு வெளுத்த வேட்டியில், நடு வெள்ளையில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. அதை அவர் பார்க்கவேயில்லை.

நானும் சொல்லவில்லை.